பரணில் கிடந்த நியாயம்

பொய் சொல்வது தப்பு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எடைக்கல்லில் கைவரிசை காட்டுவது, பாலில் தண்ணீர் ஊற்றுவது, பழசைப் புதுசு என்று தலையில் கட்டுவது... இதெல்லாம் தப்பு என்று ஒண்ணாங்கிளாஸ் பையனே சொல்லிவிடுவான்.

சரி, சும்மா இருப்பது?

அதாவது, நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எதையும் திரிக்கவில்லை. எதிரே இருப்பவருக்குத் தெரியாத ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். அவ்வளவுதான். அதனால் உங்களுக்கு லாபம், அவருக்கு நஷ்டம். இது தப்பா, சாமர்த்தியமா?

இதை யோசித்துப் பார்க்க உலகத்திலேயே பொருத்தமான இடம் எது தெரியுமா? கோர்ட்டும் இல்லை, கோயிலும் இல்லை. பிரான்ஸ் நாட்டுக் கிராமத்துச் சந்தை!

பிரான்ஸில் ‘வீத்-கிரெனியே’ என்று ஒன்று நடக்கும். நேர் அர்த்தம், ‘பரணைக் காலி செய்’. வசந்தகாலம் வந்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்த் திடலில் மடக்கு மேஜைகள் முளைத்துவிடும். தாத்தாவின் கடிகாரம், பாட்டியின் பீங்கான் தட்டு, பேரனின் பழைய சைக்கிள், யார் வீட்டுப் பூட்டுக்கு என்றே தெரியாத ஒரு கொத்துச் சாவி... எல்லாம் வெயிலுக்கு வந்துவிடும். விற்பவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள் அல்ல, உங்களையும் என்னையும் போன்ற குடும்பஸ்தர்கள். இப்படிச் சாதாரண ஜனங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கடை போடக்கூடாது, சொந்த உபயோகத்தில் இருந்த பழைய சாமானைத்தான் விற்கலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

தொழிலாகவே செய்கிறவர்கள் வேறு. பழைய சாமான் வியாபாரிக்கு ‘ப்ரோகாந்தர்’ என்று பெயர். எதை, யாரிடமிருந்து வாங்கினார் என்று அவர் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்டவேண்டும். இவர்களுக்கென்றே பேர்போன ஊர்கள் உண்டு. அவிஞ்யோன் நகரத்துக்குப் பக்கத்தில், ஆறு கால்வாயாகப் பிரிந்து ஓடும் லீல்-சூர்-லா-சோர்க். சின்ன ஊர்தான், ஆனால் பழம்பொருள் வியாபாரிகள் மட்டும் சுமார் 300 பேர்! ஈஸ்டருக்கு ஒன்று, ஆகஸ்ட்டில் ஒன்று என்று பெரிய சந்தைகள் கூடும். இன்னும் மேற்கே போனால் பெசெனாஸ், பார்ழாக் என்று வரிசையாக இருக்கின்றன.

இந்தச் சந்தைகளைச் சுற்றிக் காட்டுவதற்கென்றே டூர்கள் இருக்கின்றன. ஐம்பது பேர் பஸ்ஸில் ஏறிக் கொடி பிடித்த கைடு பின்னால் ஓடுகிற டூர் இல்லை. ஆறு பேர், எட்டுப் பேர். ஒரு மினி வேன். பிரெஞ்சும் பேரமும் தெரிந்த ஒரு வழிகாட்டி. காலையில் சந்தை, மதியம் நிதானமாகச் சாப்பாடு, ராத்திரி பழைய பண்ணை வீட்டில் தங்கல். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா?

இப்போது நீங்களும் அந்த வேனில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி சொல்லித்தரும் பாடங்கள் சுவாரஸ்யமானவை. மேல்பாதி மட்டும் மஞ்சளோ பச்சையோ பளபளவென்று மெருகிட்டு, கீழ்ப்பாதி வெறும் மண்ணாக இருக்கிற ஜாடியைப் பார்த்தால், அது தென்மேற்குப் பிரான்ஸில் வாத்துக்கறியைக் கொழுப்பில் போட்டுச் சேமித்த ஜாடி. கீழ்ப்பாதியைக் குளிர்ச்சிக்காக மண்ணில் புதைத்துவைப்பார்கள், அதனால்தான் அங்கே மெருகு இல்லை. கனமான லினன் துணிப் படுக்கை விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்து இருந்தால், அது ஒரு கல்யாணப் பெண்ணின் சீர்வரிசை. பீங்கானைத் திருப்பி அடியில் முத்திரை பாருங்கள். நாற்காலியைக் கவிழ்த்து ஆணியைப் பாருங்கள்.

கடைசிப் பாடம் ஒன்று உண்டு. அதுதான் நம் விஷயம். ‘அரிய பொருளைப் பார்த்துவிட்டால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்!’

கண்ணில் வெளிச்சம் தெரிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா? அதனால் முதலில் பக்கத்தில் இருக்கிற உப்புச்சப்பில்லாத சாமானை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் விலையைக் கேட்க வேண்டும். அப்புறம் போகிற போக்கில், ‘ஆமா, அது எவ்வளவு?’

நம்மூர் பழைய புத்தகக் கடையில் நாமும் செய்கிற வித்தைதான். விற்கிறவர் முப்பது வருஷம் தொழில் செய்த வியாபாரி என்றால், இதில் பாவம் ஒன்றும் இல்லை. அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. விற்கிற பொருளைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது அவர் தொழில்.

ஆனால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் புருஷன் செத்துப்போய், வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு பாட்டி என்றால்? 20 யூரோ என்று எழுதி ஒட்டியிருக்கிற சிலை 20 ஆயிரம் போகும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால்?

கற்பனை இல்லை சார். நிஜத்தில் இதைவிடப் பெரிசாகவே நடந்திருக்கிறது.

2021-ல் பிரான்ஸின் தெற்கே கார் மாவட்டத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி தங்களுடைய இன்னொரு வீட்டை ஒழித்துப்போட்டார்கள். பழைய சாமான் வியாபாரி ஒருவரை அழைத்தார்கள். பரணில் கிடந்த மர முகமூடி ஒன்று 150 யூரோவுக்குப் போனது. அன்றைய கணக்கில் சுமார் 13 ஆயிரம் ரூபாய். சில மாதம் கழித்து அவர்கள் பத்திரிகையைப் பிரித்தால், அதே முகமூடி ஏலத்துக்கு வருகிற செய்தி! ஆப்பிரிக்காவில் கபோன் நாட்டு ஃபாங் இனத்தாரின் ‘ங்கில்’ முகமூடி அது. உலகத்தில் ஏறத்தாழ பத்துதான் இருக்கின்றனவாம். 2022 மார்ச்சில் மோன்பெல்லியே நகரத்தில் ஏலம் நடந்தது. போன விலை 42 லட்சம் யூரோ. ரூபாயில் கிட்டத்தட்ட 35 கோடி!

தம்பதி கோர்ட்டுக்குப் போனார்கள். ‘எனக்கும் வாங்கும்போது தெரியாது’ என்றார் வியாபாரி. 2023 டிசம்பரில் அலெஸ் நகர நீதிமன்றம் தம்பதியின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. விற்கிற பொருள் என்ன என்று விசாரிக்காமல் விற்றது உங்கள் அலட்சியம் என்பது தீர்ப்பின் சாரம். வாங்கும்போது அவருக்கும் தெரியாது என்பதைக் கோர்ட்டே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் நாம் பேச வேண்டாம். ஆனால் ஒன்று, ஏலத்துக்கு முன் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்த முதியவர்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாமா, கூடாதா? சட்டம் இதைக் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிர்க் கதையும் பிரான்ஸிலேயே இருக்கிறது. 2019, கோம்பியேன் என்ற ஊர். ஒரு வயதான அம்மாவின் வீட்டை விற்க ஏற்பாடு. சாமான்களை மதிப்புப் போட ஏலக்காரர் வந்தார். சமையல் கட்டில், அடுப்புக்கு மேலே நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. ஏதோ பழைய சாமி படம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்காரர் அதை நிபுணர்களிடம் அனுப்பினார். 13-ம் நூற்றாண்டு இத்தாலிய மேதை சிமாபூயே வரைந்த ஏசுநாதர் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் ஏலம் போனது, கட்டணமெல்லாம் சேர்த்து 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்கு மேல்! பிற்பாடு 2023-ல் அது பாரீஸின் லூவ்ர் மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இங்கே தெரிந்தவர் வாயைத் திறந்தார். ‘அது அவர் கடமை சார், விற்கிறவருக்காக வேலை செய்கிறவர் அவர்’ என்பீர்கள். ரொம்ப சரி. எனக்கு வேண்டியதும் அந்த பாயின்ட்தான். அவருடைய அறிவுக்குக் கூலி கிடைத்தது, கமிஷனாக. முழுப் படமும் அவருக்குப் போய்விடவில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ‘கேவியட் எம்ப்டார்’ ஞாபகம் இருக்கும். ‘வாங்குகிறவனே, ஜாக்கிரதை!’ என்கிற லத்தீன் வாசகம். விற்கிறவனுக்குத்தான் பொருளின் வண்டவாளம் தெரியும், வாங்குகிறவன் அப்பாவி என்பது அதன் பின்னால் இருக்கிற அனுமானம். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பக்கத்துக்கு மட்டும் விவரம் தெரிந்திருந்தால் சந்தையே கெட்டுப்போகும் என்றார். 2001-ல் நோபல் பரிசு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். பழம்பொருள் சந்தையில் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே வாங்குகிறவன் விவரம், விற்கிறவர் அப்பாவி.

அதற்கும் பிரான்ஸில் ஒரு வழக்கு இருக்கிறது. எதுவார் பால்துஸ் என்பவர் 19-ம் நூற்றாண்டின் பெரிய போட்டோகிராபர். அவர் எடுத்த 50 படங்களை 1986-ல் ஒரு பெண்மணி, படம் ஒன்று 1,000 பிராங்க் என்று ஏலத்தில் விற்றார். மூன்று வருஷம் கழித்து, வாங்கினவரைத் தானே தேடிப்பிடித்து, ‘இன்னும் 85 இருக்கிறது, அதே விலைக்குத் தருகிறேன்’ என்றார். அவரும் வாங்கிக்கொண்டார். பால்துஸ் யார், சந்தையில் அவர் படத்துக்கு என்ன விலை என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. வழக்குப் போட்டார். கீழே ஜெயித்தார். ஆனால் 2000-ம் வருஷம் மே மாதம் பிரான்ஸின் மேல் நீதிமன்றம், ‘வாங்குகிறவர் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை கிடையாது’ என்று சொல்லிவிட்டது. 2018-ல் இது சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. பொருளைப் பற்றிய தன் விலை மதிப்பீட்டை எதிராளியிடம் சொல்லாமல் இருப்பது மோசடி ஆகாது!

ஆக, பிரெஞ்சுச் சட்டப்படி நீங்கள் வாயை மூடிக்கொண்டு 20 யூரோவை நீட்டலாம். போலீஸ் வராது.

மனசாட்சி வருமா என்பதுதான் கேள்வி.

இது இன்று நேற்றுக் கேள்வி இல்லை. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ ‘கடமைகள்’ பற்றித் தன் மகனுக்கு எழுதிய நூலில் இதை அலசியிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்லணுமா?

‘வேண்டியதில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு’ என்கிற கட்சி டயோஜனிஸுடையது. (பீப்பாய்க்குள் குடியிருந்த ஆசாமி இல்லை, இவர் பாபிலோன்காரர்.) ‘மனுஷனுக்கு மனுஷன் உதவத்தானே பிறந்தோம், சொல்லித்தான் ஆகணும்’ என்பது அவருடைய சிஷ்யர் ஆன்டிபாட்டரின் கட்சி. சிசரோ கடைசியில் சிஷ்யர் பக்கம்தான் சாய்கிறார்.

அதே நூலில் ஸ்கேவோலா என்கிற சட்ட மேதையின் கதை ஒன்று வருகிறது. நிலம் வாங்கப் போகிறார். ‘பேரம் வேண்டாம், ஒரே விலை சொல்லுங்கள்’ என்கிறார். விற்கிறவர் சொல்கிறார். ‘நீங்கள் சொல்வது குறைச்சல். இது அதைவிடப் பெறும்’ என்று சொல்லி, ஒரு லட்சம் காசு கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்!

கேட்டவர்கள் என்ன சொன்னார்களாம் தெரியுமா? நல்ல மனுஷன்தான், ஆனால் புத்திசாலி இல்லை என்று. இரண்டாயிரம் வருஷமாக நம் விமர்சனம் மாறவே இல்லை பாருங்கள்.

வாயை மூடுகிறவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். ‘நான் இருபது வருஷம் மியூசியம் மியூசியமாக அலைந்து, ஏலப் பட்டியல்களை மனப்பாடம் செய்து சம்பாதித்த அறிவு இது. அதை இலவசமாகக் கொடுக்கணுமா? நான் இல்லாவிட்டால் அந்தச் சிலை குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருக்கும். காப்பாற்றினது நான்!’

இதில் நிறைய உண்மை இருக்கிறது. படித்தவனுக்குப் பலன் இல்லை என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். அரிய பொருள்கள் பலவற்றைக் காப்பாற்றியவை அரசாங்கங்கள் அல்ல, லாபத்துக்கு அலைந்த கண்கள்தான். அந்தக் கண்ணுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூலி எவ்வளவு? ஏலக்காரருக்கு ஒரு சதவிகிதம். வக்கீலுக்கு ஃபீஸ். டாக்டர் உங்கள் வியாதியைக் கண்டுபிடித்தார் என்பதற்காக உங்கள் வீட்டையே எழுதிக் கேட்பதில்லை. அறிவுக்குக் கூலி கேட்பது நியாயம். எதிராளியின் அறியாமையை முழுசாக அறுவடை செய்வது வேறு விஷயம்.

எங்கே கோடு போடுவது? எனக்குத் தெரிந்த ஒரு சோதனை, அந்த எட்டுப் பேர் டூரிலேயே இருக்கிறது.

சந்தை நாள் ராத்திரி, பண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஒவ்வொருவராகப் பையைத் திறந்து அன்றைய வேட்டையைக் காட்டுவார்கள். ‘இது எவ்வளவு இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்!’ எட்டுப் பேரும் ஏலம் விடுவார்கள். நிஜ விலையைச் சொன்னதும், ‘அடடா!’ என்று கைதட்டல். அந்த மேஜையில் பொருளுக்குப் பாதி மதிப்பு என்றால், அதை அடிமாட்டு விலைக்கு வாங்கின கதைக்குப் பாதி மதிப்பு.

இப்போது ஒன்பதாவது நாற்காலி ஒன்றைப் போடுங்கள். அதில் காலையில் விற்ற அந்த ஆளை உட்காரவையுங்கள். அவருக்குப் புரிகிற பாஷையில் அதே கதையை, அதே குரலில் சொல்லுங்கள்.

விற்றவர் வியாபாரியாக இருந்தால் சிரித்துவிட்டு, ‘போன வாரம் ஒரு போலிக் கடிகாரத்தை உங்க ஊர்க்காரர் தலையில கட்டினேன், சரியாப்போச்சு’ என்பார். நீங்களும் சிரிக்கலாம். கதையைத் தாராளமாகச் சொல்லலாம். விற்றவர் அந்தப் பாட்டியாக இருந்தால்? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ‘20 ஆயிரத்தை 20-க்குத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்’ என்று சொல்ல முடியுமா? நாக்கு ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் நாக்கு ஒட்டுகிறதோ, அங்கேதான் கோடு.

அந்த முகமூடி விஷயத்தில் இந்த நாற்காலி ஒன்றோடு நிற்காது. தம்பதிக்கு அது எப்படி வந்தது? முன்னோர் ஒருவர் ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு காலனி ஆட்சியின் கவர்னராக இருந்தவர். 1917 வாக்கில் கபோனில் அவர் கைக்கு வந்திருக்கிறது. என்ன விலை கொடுத்தார்? கொடுத்தாரா? ஏல அரங்கத்தின் பின்வரிசையில் கபோன்காரர்கள் எழுந்து, அது திருட்டுப் பொருள் என்று குரல் கொடுத்தார்கள். கபோன் அரசு வழக்கிலும் வந்து கேட்டது. அதையும் கோர்ட்டு ஏற்கவில்லை. 150 யூரோவுக்கு ஏமாந்துபோனோம் என்று அழுத குடும்பத்துக்கு எதிரே, நூறு வருஷமாக அழக்கூட மேடை கிடைக்காதவர்கள் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘அப்படிப் பார்த்தால் ஒரு ஸ்பூன்கூட வாங்க முடியாதே?’ என்று கேட்காதீர்கள். ஜாடியை வாங்குங்கள். விரிப்பை வாங்குங்கள். பேரம் பேசுங்கள். 30 சொன்னதை 20-க்குக் கேட்பது சந்தையின் சந்தோஷம். அது பாட்டிக்கும் பிடிக்கும்.

வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் என்று தெரியும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அம்மா, இது பெரிய விலை போகும்னு தோணுது. விற்கிறதுக்கு முன்னால ஏலக்காரர்கிட்ட காட்டுங்க.’ பிரான்ஸில் பல ஏல நிறுவனங்கள் பொருளைப் பார்த்து இலவசமாகவே மதிப்பு சொல்கின்றன. ‘விற்கிறதா இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க’ என்று முகவரியையும் கொடுத்துவிட்டு வரலாம். அதில் சுயநலம் இருக்கட்டுமே, குற்றம் இல்லை.

சிலை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அநேகமாகப் போகத்தான் செய்யும். நஷ்டம் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கணக்குப்பிள்ளை புத்தி எனக்கு விடாது. ஸ்கேவோலா கூடுதலாகக் கொடுத்த அந்த ஒரு லட்சத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? யோசித்துப் பார்த்தால், காமர்ஸ் பாடத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தை வாங்கும்போது, அதன் சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுக்கிற தொகைக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் செலவுப் பக்கம் எழுத மாட்டார்கள், சொத்துப் பக்கம்தான் எழுதுவார்கள்.

குட்வில். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு, நற்பெயர்.